பிள்ளை வரமும் வைத்தியமும் சட்டமும்

பெரும்போக விதைப்புக்குச் சற்று முன்னர் ஒரு தம்பதியினர் எமது அலுவலகத்துக்கு வந்தனர். மூன்று தடவை இடம்பெயர்ந்து, இறுதியில் தம் சொந்த வயலுக்கே திரும்பியவர்கள். மணமாகி ஒன்பது ஆண்டுகள், பிள்ளை இல்லை. கணவரின் கையில் பட்டணத்துத் தனியார் வைத்தியசாலையொன்றின் துண்டுப்பிரசுரம் மடித்து மடித்து நைந்து போயிருந்தது. "சுவாமி, காணியை ஈடு வைச்சு இதைச் செய்யலாமோ? பாவமோ இல்லையோ எண்டதை மட்டும் சொல்லுங்கோ" என்றார். மனைவி தலை நிமிரவில்லை.

ஒரே சொல்லில் மறுமொழி கூற எம்மால் முடியவில்லை. வைத்தியம் என்ன செய்கிறது, அதற்காகும் செலவை ஒரு வயல் தாங்குமா, பிறக்கும் பிள்ளை சட்டத்தின் முன் யாருடைய பிள்ளை, மனச்சாட்சி என்ன சொல்கிறது என்ற கேள்விகள் யாவும் அந்த ஒரு கேள்விக்குள் ஒன்றாக முடிச்சிடப்பட்டுக் கிடந்தன. எமது குடும்பக் குழுக்களிலும் இதே கேள்வி அடிக்கடி எழுகிறது. ஆனால் வெளிப்படையாக அன்று, கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பின்னர், வாசலில் நின்றபடியே எழுகிறது. ஆகவே இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் பரிசோதனைக்குப் போக வேண்டியவர் யார்?

நாம் திருப்பிக் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, நீங்கள் பரிசோதனை செய்தீர்களா?" என்பதே. "எனக்கென்ன குறை, சுவாமி?" என்றார் அவர். ஒன்பது ஆண்டுகளாக அவர் மனைவி அரசாங்க வைத்தியசாலைக்கும், நாட்டு வைத்தியரிடமும், நூல் கட்டுபவரிடமும், மடுத் திருப்பதிக்கும் போய் வந்திருக்கிறார். கணவர் ஒரு நாளும் போகவில்லை. இங்கே எமது தவறையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆவணித் திருவிழா முடிந்து வந்த அதே பெண்ணுக்கு நாம் செபித்து ஆசீர் அளித்து அனுப்பினோம்; கணவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செபித்தது தவறன்று, கேட்காமல் விட்டதே தவறு.

கருத்தடை எதுவும் கைக்கொள்ளாமல் பன்னிரண்டு மாதங்கள் ஒழுங்காகக் கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால் அதை வைத்தியர்கள் மலட்டுத்தன்மை என்கின்றனர். இது அபூர்வமான நோய் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தோரில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்த நிலைக்கு முகங்கொடுக்கிறார். காரணம் சில வேளைகளில் பெண்ணிடத்திலும், சில வேளைகளில் ஆணிடத்திலும், பல வேளைகளில் இருவரிடத்திலும் இருக்கும். அப்படியிருந்தும் எமது மொழியிலே "மலடி" என்ற சொல் சந்தியிலும் கிணற்றடியிலும் தாராளமாகப் புழங்குகிறது. "மலடன்" என்பதை எத்தனை பேர் காதாரக் கேட்டிருக்கிறோம்?

ஆணுக்கான முதற் பரிசோதனை மிகவும் இலகுவானது. இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை விலகி இருந்தபின் விந்தைக் கொடுத்தால், விந்தணுக்களின் தொகையையும் அசைவையும் வடிவத்தையும் ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள். முதல் அறிக்கை பிழையாக வந்தால் அதைக் கொண்டே முடிவெடுக்காமல், சில வாரங்கள் கழித்து மீண்டும் செய்ய வேண்டும். மாதிரி எடுக்கும் முறை பற்றி மனச்சங்கடம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொன்னால் தாம்பத்திய உறவின் வழியாகவே எடுக்கும் முறையும் உண்டு. பெண்ணுக்குச் செய்யும் பரிசோதனைகள் இதைவிட நீண்டவை, வலியுள்ளவை, செலவு மிக்கவை. எனவே ஆண் முதலில் போவதே நியாயமும் சிக்கனமும் ஆகும்.

விவசாயிகளாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறும் உண்டு. வேர்ப்புழுக்களைக் கொல்ல மண்ணில் இடும் டீ.பி.சி.பி. என்ற நஞ்சைத் தயாரித்த கலிபோர்னியத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த ஆண்கள், 1977இல், தமக்குள் பேசிக்கொண்டபோதுதான் பலருக்கும் பிள்ளை பிறக்காமலிருப்பதைக் கண்டுபிடித்தனர். பரிசோதித்தபோது சிலரிடம் விந்தணுவே இருக்கவில்லை. பின்னர் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அதே நஞ்சைக் கையாண்ட தொழிலாளர்களிடமும் இது தெரியவந்தது. அந்த நஞ்சு பின்னர் தடை செய்யப்பட்டது. எல்லாக் கிருமிநாசினியும் அப்படிச் செய்யும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சட்டையும் கையுறையும் இல்லாமல், காற்றுக்கு எதிராக நின்று, முதுகில் ஒழுகும் தாங்கியுடன் மருந்தடிக்கும் இளைஞர்கள் இந்தக் கதையை ஒரு தடவையாவது கேட்க வேண்டும். புகைத்தலும் மதுவும், வளர்ந்த வயதில் வரும் கூகைக்கட்டும், விதைப்பையைச் சுற்றிய நாளங்களின் வீக்கமும் கூட விந்தணுக்களைக் குறைப்பவை. இவற்றுட் சில திருத்தக்கூடியவை.

இன்னொன்று, வைத்திய நூல்களில் எழுதப்படாதது. சூலகத்திலிருந்து வெளிவரும் சூல் ஒரு நாளளவே உயிருடன் இருக்கும். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். ஆகவே மாதத்தில் ஏறத்தாழ ஆறு நாட்கள்தாம் கருத்தரிக்கக்கூடிய நாட்கள், அதுவும் அடுத்த மாதவிடாய்க்குப் பதினான்கு நாட்கள் முன்னதாக வரும் நாளை ஒட்டியவை. கணவர் கூலி வேலைக்கு வெளியூர் போய் மாதம் ஒரு தடவை வரும் வீட்டில், அல்லது ஒரே தறப்பாளின் கீழ் மாமன் மாமியும் மூன்று சகோதரரும் படுத்த முகாமில், அந்த ஆறு நாட்கள் எப்படிக் கிடைக்கும்? முகாமில் கழிந்த ஆண்டுகளைப் "பிள்ளை இல்லாத ஆண்டுகள்" என்று கணக்கிட்டு மருமகளைக் குறை கூறும் மாமியார்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த ஆண்டுகளைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும்.

குழாயில் நடப்பது என்ன?

1978 ஆடி 25ஆம் திகதி, இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிறவுண் என்ற பெண் குழந்தை பிறந்தது. தாயின் பலோப்பியன் குழாய்கள் அடைபட்டிருந்தன. பற்றிக் ஸ்ரெப்ரோ என்ற வைத்தியரும், றொபேட் எட்வேட்ஸ் என்ற விஞ்ஞானியும், ஜீன் பேர்டி என்ற தாதியும் தாயின் சூலை எடுத்து, தந்தையின் விந்தணுவுடன் ஆய்வுகூடத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் சேர்த்து, உருவான முளையத்தைத் தாயின் கருப்பையில் வைத்தனர். எட்வேட்ஸ் 2010இல் நோபல் பரிசு பெற்றார். மற்ற இருவரும் அதற்கு முன்னரே காலமாகிவிட்டனர். லூயிஸ் பிறந்து 70 நாட்களில் கல்கத்தாவில் வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாயவின் முயற்சியால் இன்னொரு பெண் குழந்தை பிறந்தது. ஆனால் அவரது சாதனையை அரசாங்கக் குழு நம்ப மறுத்தது. மனமுடைந்த அவர் 1981இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் சொன்னது உண்மை என்பது பல ஆண்டுகள் கழித்தே ஏற்கப்பட்டது.

இன்று நடைபெறும் முறை இது: பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஓமோன் ஊசி ஏற்றி ஒரே மாதத்தில் பல சூல்களை முதிரச் செய்வார்கள். ஊசியால் அவற்றை உறிஞ்சி எடுத்து விந்தணுவுடன் சேர்ப்பார்கள். மூன்று முதல் ஐந்து நாட்களில் ஒன்று அல்லது இரண்டு முளையங்களைக் கருப்பையில் வைப்பார்கள். எஞ்சியவற்றைத் திரவ நைதரசனில் −196 பாகை குளிரில் உறைய வைப்பார்கள். ஓமோன் ஊசியால் சிலருக்குச் சூலகம் அளவு மீறி வீங்கி, வயிற்றில் நீர் சேர்ந்து, உயிராபத்தும் ஏற்படலாம். இதைத் துண்டுப்பிரசுரம் சொல்வதில்லை.

துண்டுப்பிரசுரம் சொல்லாத மற்றொன்று தோல்வி. இங்கிலாந்தில் இச்சிகிச்சைகளை மேற்பார்வை செய்யும் அதிகாரசபையின் கணக்குகளைப் பார்த்தால், 35 வயதுக்குக் குறைந்த பெண்களிலேயே, கருப்பையில் வைக்கப்படும் மூன்று முளையங்களில் ஏறத்தாழ ஒன்றே பிள்ளையாகப் பிறக்கிறது. நாற்பதைத் தாண்டினால் அது மிகவும் குறைந்துவிடும். ஒரு தடவை பல இலட்சம் ரூபா செலவழித்துத் தோற்றவர், "இன்னொரு தடவை" என்ற சொல்லைத் தாண்டி வருவது கடினம். காணியை ஈடு வைப்பவர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மழை பொய்த்தாலும் நிலம் அடுத்த போகத்துக்கு இருக்கும். ஈட்டில் போன நிலம் இராது.

திருச்சபையின் போதனை

லூயிஸ் பிறந்த நாட்களில் வெனிஸ் நகரின் கர்தினால் அல்பினோ லூச்சியானியிடம் பத்திரிகையொன்று கருத்துக் கேட்டது. அவர் குழந்தைக்கு நல்வாழ்த்துத் தெரிவித்தார். நல்ல எண்ணத்துடன் நடந்த பெற்றோரைக் கண்டிக்கத் தமக்கு உரிமையில்லை என்றார். அதே வேளை, பிள்ளைகளைத் தொழிற்சாலைப் பொருட்களைப் போல் உண்டாக்கும் நாள் வந்துவிடுமோ என்ற அச்சத்தையும் மறைக்கவில்லை. சில வாரங்களில் அவரே முதலாம் அருள் சின்னப்பர் என்ற பாப்பரசரானார். இவ்விடயத்தில் ஒரு மேய்ப்பர் பேச வேண்டிய தொனி இதுவே என்று நாம் கருதுகிறோம்.

1987இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவான ஏடொன்றை வெளியிட்டது. தாம்பத்திய உறவுக்குத் துணை செய்யும் வைத்தியத்தைத் திருச்சபை வரவேற்கிறது. ஓமோன் சிகிச்சை, அடைபட்ட குழாயைத் திறக்கும் சத்திரசிகிச்சை, நாளங்களின் வீக்கத்தைத் திருத்துதல் ஆகியன இவ்வகையின. அந்த உறவுக்குப் பதிலாக நின்று, ஆய்வுகூடத்தில் உயிரை உண்டாக்கும் முறையை அது ஏற்பதில்லை. மூன்றாம் ஆளின் விந்தையோ சூலையோ கருப்பையையோ பயன்படுத்துவதை இன்னும் உறுதியாக மறுக்கிறது. பிள்ளை கொடையே தவிர உரிமைப்பொருள் அன்று என்பது அதன் அடிப்படை. ஆயினும் அதே ஏடு, எந்த முறையில் பிறந்த பிள்ளையும் கடவுளின் கொடையாகவே ஏற்கப்பட வேண்டும் என்கிறது. இப்படிப் பிறந்த ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு எவரேனும் முகஞ் சுளித்தால், அவருக்குப் போதனை விளங்கவில்லை.

எமது வாசகரில் சைவக் குடும்பங்களும் பலர். திருச்சபையின் போதனை அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உறைய வைத்த முளையங்கள் பற்றிய கேள்வி எல்லோருக்கும் உரியது. இங்கிலாந்தின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்றது. காலம் முடிந்து, பெற்றோரிடமிருந்து பதிலும் வராத நிலையில், 1996 ஆவணியில் ஏறத்தாழ 3,300 முளையங்கள் உருக்கி அழிக்கப்பட்டன. சட்டப்படி அதில் பிழை இல்லை. சிகிச்சைக்குப் போகும் தம்பதியர், "எத்தனை முளையம் உண்டாக்குவீர்கள், மிஞ்சுவதை என்ன செய்வீர்கள்?" என்று ஊசி ஏற்றுமுன் கேட்க வேண்டும். தேவைக்கு மேல் உண்டாக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

சட்டத்தின் முன் பிள்ளை யாருடையது?

எமது நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்படாத நிலையில், பிணக்கு எழுந்தால் நீதிமன்றம் பழைய சட்டங்களையே புரட்ட வேண்டியுள்ளது. 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, செல்லுபடியான திருமணம் நிலைத்திருக்கையில், அல்லது அது முடிவடைந்து தாய் மறுமணம் செய்யாதிருக்க 280 நாட்களுக்குள், பிறந்த பிள்ளை அந்தக் கணவரின் பிள்ளையே என்கிறது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவர் மனைவியுடன் கூடியிருக்க வாய்ப்பே இருக்கவில்லை, அல்லது அவர் ஆண்மையற்றவர் என்று நிரூபித்தால் மட்டுமே இது மாறும். 1895இல் இதை எழுதியவர் கண்ணாடிப் பாத்திரத்தைக் கனவிலும் கண்டிரார்.

கணவரின் விந்தும் மனைவியின் சூலும் சேர்ந்து பிறந்த பிள்ளைக்குச் சிக்கல் இல்லை. அயலாரின் விந்தால் பிறந்த பிள்ளையையும் இப்பிரிவு பெரும்பாலும் காக்கும். ஆனால் கணவர் ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் இருந்தவர் என்றால்? அவர் இறந்தபின் வயலுக்கு உரிமை கோரும் சகோதரர் இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் கேட்க மாட்டார் என்று யார் சொல்வது? எனவே கணவரின் எழுத்து மூலச் சம்மதமும், முறையாக எழுதிய மரணசாசனமும் இன்றி இப்படியான சிகிச்சையில் இறங்குவது, பிள்ளையின் தலையில் வழக்கொன்றைக் கட்டிவிடுவதாகும். வாடகைத்தாய் விடயத்தில் நிலை இன்னும் மோசம். பெற்றவளே தாய் என்பது சட்டத்தின் பழைய துணிபு. அவள் மணமானவளாயின் அவளது கணவரே தந்தை என்று 112ஆம் பிரிவு கொள்ளும். ஒப்பந்தக் கடதாசி இதை மாற்றாது.

கடதாசி இல்லாத பிள்ளையின் கதியை நாம் அறிவோம். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துவிட்டுப் பாடசாலைக்கும் அடையாள அட்டைக்கும் அலைந்தவர்கள் நாம். 2008இல் இந்தியாவின் குஜராத்தில் ஒரு பெண் குழந்தை அப்படித்தான் அகப்பட்டது. யப்பானியத் தம்பதியர் அங்கே வாடகைத்தாய் ஒருத்தியை ஒழுங்கு செய்தனர். விந்து கணவருடையது, சூல் பெயர் தெரியாத ஒருத்தியுடையது. குழந்தை பிறக்குமுன் அவர்கள் விவாகரத்துச் செய்துகொண்டனர். 2008 ஆடி 25இல் குழந்தை பிறந்தபோது, எதிர்பார்த்த தாய் "எனக்கு வேண்டாம்" என்றார். பெற்றவளுக்கோ ஒப்பந்தப்படி உரிமையில்லை. சூல் கொடுத்தவள் எவளென்றே தெரியாது. மூன்று தாய்மார் இருந்தும் தாயில்லாப் பிள்ளை. மறுநாளே அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. குழந்தை ஜெய்ப்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டது. பிறந்த கையோடு இடம்பெயர்ந்த பிள்ளை! இந்தியக் கடவுச்சீட்டும் இல்லை, யப்பானியக் கடவுச்சீட்டும் இல்லை. யப்பானிலிருந்து வந்த பாட்டி மாதக்கணக்கில் காத்திருந்தார். வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. இறுதியில் அடையாளச் சான்றிதழ் ஒன்றின் பேரில், மனிதாபிமான விசாவுடன், குழந்தை யப்பானுக்குச் சென்றது.

இந்தியா 2015இல் வெளிநாட்டவருக்கு இதைத் தடுத்தது. 2021இல் இரண்டு சட்டங்களை இயற்றி, பணத்துக்கான வாடகைத்தாய் முறையை ஒழித்தது. வாடகைத்தாய் 25 முதல் 35 வயதுக்குள், மணமாகி, தனக்கென ஒரு பிள்ளையேனும் உள்ளவளாக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவையே அதற்கு உடன்படலாம். சூல் கொடுப்பவளும் ஒரு தடவைக்கு மேல் கொடுக்கலாகாது. இச்சட்டங்கள் நடைமுறைக்கு வந்த அதே 2022இல்தான், தமிழ்நாட்டின் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியொருத்தி, போலி ஆதார் அட்டையில் வயதைக் கூட்டி, சொந்தத் தாயாலேயே பல தடவை சூல் விற்கக் கொண்டு செல்லப்பட்ட செய்தி வெளிவந்தது. சட்டம் எழுதப்பட்டதும் வறுமை ஓடிப்போவதில்லை. இதனால்தான் எமது பெண்களிடம் சொல்கிறோம்: "சும்மா ஊசிதான் அக்கா, நல்ல காசு" என்று எவரேனும் வந்தால், ஒப்பமிடுமுன் எவரிடமாவது பேசுங்கள்.

ஆகாரின் கதையை நாம் ஆலயத்தில் பல தடவை வாசித்திருக்கிறோம். சாராளுக்குப் பிள்ளை இல்லாததால் அடிமைப் பெண்ணின் வயிறு பயன்படுத்தப்பட்டது. பின்னர் அவள் ஒரு துண்டு அப்பத்துடனும் ஒரு துருத்தித் தண்ணீருடனும் பிள்ளையோடு பாலைவனத்துக்குத் துரத்தப்பட்டாள். அவளிடம் எவரும் சம்மதம் கேட்டதாக வேதாகமத்தில் இல்லை.

மகவேற்பு

எமது பகுதிகளில் இன்னொரு பழக்கம் உண்டு. இறந்துபோன சகோதரரின் பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்போம். கடதாசி எதுவும் செய்யமாட்டோம். "எங்கடை பிள்ளைதானே" என்போம். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையிலேயே மகவேற்புக்கு ஓர் அத்தியாயம் உண்டு. உறவினரும் உரித்தாளரும் அறிய, மஞ்சள் நீர் அருந்திப் பிள்ளையை ஏற்றனர் எம் முன்னோர். அன்றே அவர்கள் சாட்சி வைத்துச் செய்தனர் என்பதைக் கவனியுங்கள். மஞ்சள் நீர் வழக்கொழிந்தது, சாட்சியின் தேவை ஒழியவில்லை.

1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி, நீதிமன்றக் கட்டளை பெற்றால் பிள்ளை உங்களுக்குத் திருமணத்திற் பிறந்த பிள்ளையாகவே கருதப்படும். பொதுவாக விண்ணப்பிப்பவர் 25 வயதைக் கடந்தவராகவும், பிள்ளையைவிட 21 வயதேனும் மூத்தவராகவும் இருக்க வேண்டும். உயிருடன் உள்ள பெற்றோரின் சம்மதம் தேவை. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பணம் கைமாறலாகாது. பிள்ளை உங்கள் சொத்துக்கு உரித்தாளியாகும். ஆனால் உங்கள் சகோதரரின் சொத்துக்குத் தானாக உரித்தாளியாகாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அயலூரில் பெற்ற சிசுவைத் தாம் பெற்றதாகப் பதிவாளரிடம் எழுதுவிப்பது குற்றம். அது பின்னர் பிள்ளைக்கே பாதகமாக முடியும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்தை நாடலாம்.

குழுக்களில் இப்பாடத்தை நடத்துவோர் முதலில் ஆண்களைத் தனியாகவும் பெண்களைத் தனியாகவும் அமரச் செய்து, "எம் ஊரில் பிள்ளை இல்லாத வீட்டைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்?" என்பதைக் கேட்கட்டும். கடதாசி இல்லாமல் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் எண்ணட்டும். அந்தத் தொகை உங்களை வியப்பில் ஆழ்த்தும்.

எம்மிடம் வந்த தம்பதியரின் விடயத்துக்கு வருவோம். அவர்கள் போகும்போது, வேப்பமரத்தின் கீழ் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு சிறுமி நின்றாள். எட்டு வயது இருக்கும். மனைவியின் இறந்துபோன அக்காவின் மகள். ஐந்து ஆண்டுகளாக இவர்களுடனேயே வளர்கிறாள். "பிள்ளை இல்லை" என்று எம்மிடம் சொன்னபோது அவளை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. நாம் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டா என்று மட்டும் கேட்டோம். இருந்தது, ஆனால் பாதுகாவலர் யார் என்பதற்கு எந்தக் கடதாசியும் இருக்கவில்லை.

அந்தக் கிழமையே கணவர் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனார். நாளங்களில் வீக்கம் இருப்பதாகச் சொல்லிச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அதனால் பிள்ளை பிறக்குமா என்று வைத்தியர் உறுதி கூறவில்லை. காணி ஈட்டுக்குப் போகவில்லை, விதைத்துவிட்டார்கள். மறுமணம் செய்து வேறு மாவட்டத்தில் வாழும் சிறுமியின் தகப்பனாரைத் தேடிப் பிடித்துச் சம்மதக் கடிதம் பெற இரண்டு மாதம் ஆனது. மகவேற்பு விண்ணப்பம் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது. நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கைக்காகத் தவணை போடப்பட்டுள்ளது.